வேலிக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆஸ்திரேலிய வாழ்க்கையில் உங்களுக்குப் பிடிபடாத பழக்கம் எது, பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஏங்கும் பழைய விஷயம் எது என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வாடகைக்கு வந்திருக்கும் பழைய வீட்டின் கொல்லையில், துணி கிழிந்துபோன பெரிய குடையை நட்டு வைத்த மாதிரி துணி காயப்போடும் ஓர் இரும்புக் கொடி நிற்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வேறு எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், இதை மட்டும் எடுக்காதீர்கள்" என்கிறார். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, பிளாக்டவுன்

அதன் பெயர் ஹில்ஸ் ஹோய்ஸ்ட். அடிலெய்டைச் சேர்ந்த லான்ஸ் ஹில் 1945-ல் தன் வீட்டுக் கொல்லையில் செய்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, அதுவே பெரிய தொழிலாகிவிட்டது. சுழலும் கொடியை முதலில் யோசித்தவர் அவர் இல்லை. விக்டோரியாவின் ஜீலாங்கில் கில்பர்ட் டாய்ன் என்பவர் அதற்கும் பல வருடங்கள் முன்பே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் போர் முடிந்து, ஊருக்கு வெளியே மனை மனையாகப் பிரித்து வீடுகள் எழும்பிய நேரத்தில் வந்தது ஹில்லின் கொடி, அதனால் கொல்லைக்குக் கொல்லை அதுதான் போய் நின்றது. தாழ்வாக வைத்துத் துணியைப் போட்டுவிட்டு, கைப்பிடியைச் சுற்றினால் மேலே போகும், காற்றுக்குத் தானாகவே சுழலும். வெளிச்சுற்றில் போர்வையும் விரிப்பும், உள்சுற்றில் உள்ளாடைகள் என்பது அந்தக் காலத்து அம்மாக்களின் ஒழுங்கு, எட்டிப் பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது. பிள்ளைகளுக்கோ அது ராட்டினம். அதில் தொங்கி, கம்பியை வளைத்து, அப்பாவிடம் திட்டு வாங்காமல் வளர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. உங்கள் வீட்டுக்காரர் தொட்டுப் பார்ப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

கொல்லையின் இன்னொரு கதாநாயகன் விக்டா புல்வெட்டி. சிட்னி கான்கார்டில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952-ல் செய்த முதல் இயந்திரத்தில் பெட்ரோல் டேங்காக இருந்தது ஒரு பழைய பீச் பழ டின். 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகளை மைதானத்துக்குள் ஓட விட்டார்களே, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, இங்கே வீடு வீடாக எழுந்து கைதட்டியிருப்பார்கள். இப்போது வரும் புது மனைகளில் வீட்டைக் கட்டினால் கொல்லைக்கு மிஞ்சுவது நாலடி, அதில் ஹோய்ஸ்ட் சுழல இடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, விடாதீர்கள்.

தீபாவளிக்கு ஒரு புஸ்வாணம்கூட விட முடியாத ஊரில் என் பிள்ளைகள் வளர்கிறார்களே என்று எனக்கு வருத்தம். எதிர்வீட்டுப் பெரியவரோ, சின்ன வயதில் தெருவெல்லாம் வெடி வெடித்ததாகச் சொல்கிறார். உண்மையா, சும்மா சொல்கிறாரா?
– வாசகர், டாண்டினாங்

முழு உண்மை. கிராக்கர் நைட் என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளான மே 24 எம்பயர் டே, அதாவது பிரிட்டிஷ் பேரரசு நாள், அன்று இரவு வெடி. பின்னாளில் பல இடங்களில் அது ஜூன் மாதத்து ராணி பிறந்தநாள் விடுமுறையோடு சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் கொண்டாடும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவில் கொளுத்திய ஊர்களும் உண்டு. அன்று கொளுத்துவதற்கென்று வாரக்கணக்கில் பிள்ளைகள் காய்ந்த கிளை, பழைய டயர், உடைந்த பெட்டி என்று காலி மனையில் குவித்து வைப்பார்கள். பக்கத்துத் தெருப் பையன்கள் இரவில் வந்து கொளுத்திவிடக் கூடாது என்று காவல் வேறு. தெருமுனைக் கடையில் பாக்கெட் மணியைக் கொடுத்து வெடி வாங்கலாம்: நம் சரவெடிபோல டாம் தம்ப், பெரிதாக வெடிக்கும் பங்கர், நம் சங்குசக்கரத்தை வேலிக் கட்டையில் ஆணியடித்து விட்டதுபோல கேத்தரின் வீல், பால் பாட்டிலில் நிறுத்திக் கொளுத்தும் ராக்கெட். அக்கம்பக்கத்து லெட்டர் பாக்ஸுக்குள் பங்கர் போட்ட கதையைச் சொல்லாத தாத்தா இருக்கவே மாட்டார். மறுநாள் காலையில் வெடிக்காமல் கிடந்ததைப் பொறுக்கப் போவதும் நாம் செய்ததுதான்.

ஏன் நின்றது? கண்ணும் விரலும் போன பிள்ளைகள், பயந்து ஓடி வீடு திரும்பாத நாய்கள், காய்ந்த புல்லில் பற்றிய தீ. 1980-களின் முடிவுக்குள் பெரும்பாலான மாநிலங்களில் பொதுமக்களுக்கு வெடி விற்பது நின்றுபோனது. கான்பெராவில் 2009 வரை ஓடியது. வடக்குப் பிரதேசத்தில் மட்டும் இன்றும் ஜூலை 1 டெரிட்டரி டே அன்று, 1978-ல் தன்னாட்சி கிடைத்த நாள் அது, மாலை 6 முதல் இரவு 11 வரை யார் வேண்டுமானாலும் கொளுத்தலாம். டார்வினில் அன்று கடைவீதியைப் பார்த்தால் நம் ஊர்த் தீபாவளி முந்தின நாள் நினைவுக்கு வரும்.

தடை சரி என்பதே என் கட்சி. யூகலிப்டஸ் மரம் எப்படிப் பற்றி எரியும் என்பதைப் பார்த்த நாட்டில் வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் வருடத்துக்கு ஒரு ராத்திரி, தெரு முழுக்க ஒரே நெருப்பைச் சுற்றி நின்றதே, அது போனது எனக்கும் வருத்தம். இந்தத் தீபாவளிக்கு அந்தப் பெரியவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அதிரசம் கொடுத்துக் கதை கேட்டால் பிள்ளைகளுக்குப் பாதி தீபாவளி கிடைத்துவிடும்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பின்வாசலில் இருந்தே டிரைவருக்கு நன்றி என்று கத்துகிறார்களே, நானும் கத்த வேண்டுமா?
– மாணவர், அடிலெய்டு

கத்துங்கள். காதில் விழாத தூரமாக இருந்தால் கையைத் தூக்கிக் காட்டினாலும் போதும், கண்ணாடியில் பார்ப்பார். இந்த நாட்டுப் பழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

தெருவோரப் புல்லில் நல்ல சோபா, மேஜை, சைக்கிள் எல்லாம் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா? என் கணவர் மானம் போகும் என்கிறார்.
– வாசகி, கிளென் வேவர்லி

அந்தப் புல் இருக்கிறதே, நேச்சர் ஸ்ட்ரிப், அதுவே ஒரு விநோதம். நிலம் கவுன்சிலுடையது (நம் ஊர் நகராட்சி மாதிரி), வெட்டுவது வீட்டுக்காரர். உடம்பு முடியாத பக்கத்து வீட்டுக்காரரின் துண்டையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கும் தெரு நல்ல தெரு என்று நம்பி வீடு வாங்கலாம். பெரிய சாமான்களை கவுன்சில் வந்து எடுக்கும் நாளுக்கு முன்னால் அங்கே வைப்பார்கள். தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வதை ஒருவரும் தவறாக நினைப்பதில்லை, சிலர் 'வேலை செய்கிறது' என்று சீட்டே ஒட்டி வைப்பார்கள். சில கவுன்சில்களின் விதி அதை அனுமதிப்பதில்லை என்பதால் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தை, சோபாவில் மூட்டைப்பூச்சி இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். மரச் சாமான் தாராளமாக எடுக்கலாம். மானத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். இன்று சொந்த வீட்டில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் சாப்பாட்டு மேஜை அந்தப் புல்லில் இருந்து வந்ததுதான், அவர்களே பெருமையாகச் சொல்வார்கள்.

குடியுரிமை கிடைத்து முதல்முறை ஓட்டுப் போடப் போகிறேன். ஓட்டுச்சாவடியில் சாசேஜ் வாங்கியே ஆக வேண்டும் என்று ஆபீசில் எல்லாரும் சொல்கிறார்கள். நான் சைவம்.
– வாசகர், டூங்காபி

வாழ்த்துகள்! ஓட்டு கட்டாயம், சாசேஜ் உங்கள் விருப்பம். 1922 தேர்தலில் 60 சதவீதம் பேர்கூட ஓட்டுப் போடவில்லை, அதனால் 1924-ல் கூட்டாட்சித் தேர்தலுக்கு ஓட்டைக் கட்டாயமாக்கினார்கள், 1925-ல் அது 91 சதவீதத்தைத் தாண்டியது. தகுந்த காரணம் இல்லாமல் போடாமல் விட்டால் 20 டாலர் அபராதம். எப்போதும் சனிக்கிழமை, பெரும்பாலும் பள்ளிக்கூடம். ஊரே வந்து வரிசையில் நிற்கும்போது பள்ளிப் பெற்றோர் சங்கம் சும்மா இருக்குமா? அடுப்பை வைத்துச் சாசேஜ் வாட்டி விற்றுப் பள்ளிக்குப் பணம் சேர்த்தார்கள். அந்த டெமாக்ரசி சாசேஜ் 2016-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்டுச் சொல்லாகவே தேர்வானது. சைவ சாசேஜ் பல இடங்களில் கிடைக்கிறது, ஆனால் ஒரே தட்டில் வாட்டுவார்கள், அது ஒத்துவராது என்றால் பக்கத்து மேஜையில் கேக் விற்பார்கள். எதையாவது வாங்குங்கள், பணம் பிள்ளைகளுக்குப் போகிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டி பள்ளிக்கூடத்தில் குடித்த பாலைப் பற்றிப் பேசினால் முகத்தைச் சுளிக்கிறார், ஆனாலும் அதைப் பற்றியே பேசுகிறார்!
– வாசகி, ஹோம்புஷ்

1950-களின் தொடக்கத்தில் பிரதமர் மென்சீஸின் அரசு கொண்டுவந்த இலவசப் பால் அது. மூன்றில் ஒரு பைன்ட் (சுமார் 190 மில்லி) கண்ணாடிப் பாட்டில், மேலே படலமாக ஆடை. காலையில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள், இடைவேளை மணி அடிப்பதற்குள் வெயிலில் சூடாகிவிடும், ஆனாலும் குடித்தே தீர வேண்டும். 1973-ல் பிரதமர் விட்லமின் அரசு நிறுத்தியது. அந்த வெதுவெதுப்பான பாலால் வாழ்நாள் முழுக்கப் பாலையே வெறுத்தவர்கள் உண்டு.

பாட்டியிடம் 1966 பிப்ரவரி 14 பற்றியும் கேளுங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட் என்று கணக்குப் போட்டவர்கள் அன்றுமுதல் டாலருக்கும் சென்டுக்கும் மாறினார்கள். அப்புறமும் பல குடும்பங்களில் பழைய வெள்ளிக் காசுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள், கிறிஸ்துமஸ் புட்டிங்குக்குள் மறைத்து வைப்பதற்காக. புதுக் காசு அதற்கு ஆகாது என்று அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். காசு யார் தட்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். 40 டிகிரி வெயிலில் ஆவி பறக்கும் புட்டிங் சாப்பிட்ட ஜனங்கள்!

எல்லாரும் அந்தக் காலம் பொற்காலம் என்கிறார்கள். நிஜமாகவே அப்படியா? நமக்கு இதில் என்ன ஏக்கம்?
– வாசகர், சன்ஷைன்

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாட்டி பால் குடித்த அந்த நாட்களில் நீங்களும் நானும் இங்கே குடியேறியிருக்க முடியாது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1966-ல் தளர்ந்து, 1973-ல்தான் முழுதாக ஒழிந்தது. இந்த மண்ணின் பூர்வகுடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவே 1967-ல் ஒரு பொதுவாக்கெடுப்பு தேவைப்பட்டது. கல்யாணம் ஆன பெண் கூட்டாட்சி அரசு வேலையில் நிரந்தரமாக இருக்க முடியாது என்ற விதி 1966 வரை இருந்தது. மேற்கு சிட்னியில் 1970-களின் தொடக்கத்தில்கூடப் பல வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, கொல்லை மூலையில் தகரக் கொட்டகைதான் கழிப்பறை, அதன் இருட்டில் ரெட்பேக் என்ற விஷச் சிலந்தி. விக்டோரியாவில் 1966 வரை பப் மாலை 6 மணிக்கு மூடிவிடும், 5 மணிக்கு வேலை முடிந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போன நிலையை மனைவிமார்களைக் கேட்டால் பொற்காலம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்துப் பெரியவர்கள் அதிகம் ஏங்குவது எதற்கு? தெருமுனை மில்க் பாருக்கு. கண்ணாடி ஜாடியில் மிட்டாய், அலுமினியக் குவளையில் நுரை பொங்கும் மில்க் ஷேக். சிட்னி மார்ட்டின் பிளேஸில் 1932-ல் அதற்கு வழிகாட்டிய கடையைத் திறந்தவர் மிக் ஆடம்ஸ், கிரேக்கத்திலிருந்து குடியேறியவர். நாடு முழுக்க அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பெரும்பகுதி கிரேக்கக் குடும்பங்கள், விடிகாலை முதல் ராத்திரி வரை கடையிலேயே கிடந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அசல் ஆஸ்திரேலியா என்று இன்று ஏங்குவதில் பாதி, நேற்று கப்பலில் வந்தவர்கள் கட்டியது. அதனால் நமக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். 1985-ல் குடமுழுக்கு நடந்த, சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்குக் காரில் தூங்கிக்கொண்டே போய், தரிசனம் முடிந்து கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களோடு பேசிப் பாருங்கள், அதே ஏக்கம் அப்படியே கேட்கும். அதுவும் ஆஸ்திரேலியச் சிறுவயதுதான்.

எங்கள் வீடு குயின்ஸ்லாந்து எல்லையில் கூலங்காட்டாவில், வேலை எல்லைக்கு அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஹெட்ஸில். கோடையில் தினமும் நேரக் குழப்பம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளமாட்டேன் என்று குயின்ஸ்லாந்துக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?
– வாசகர், கோல்ட் கோஸ்ட்

1992-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள், வேண்டாம் என்றவர்களே அதிகம். தென்கிழக்கு மூலையில் இருப்பவர்களுக்கு வேண்டும்தான், ஆனால் வடக்கே வெப்பமண்டலத்தில் இருப்பவருக்கு சூரியன் சீக்கிரம் இறங்கினால்தான் நிம்மதி. ஃபோனைத் தானாக மாற விடாமல் ஒரே நேரத்தில் வையுங்கள். புத்தாண்டை ஒரே தெருவில் இரண்டு முறை கொண்டாடும் பாக்கியம் உங்களுக்குத்தான்.

கான்பெரா போகும் வழியில் கூல்பர்ன் செம்மறியாடு இடம் மாறிவிட்டது என்று கணவர் சாதிக்கிறார். கான்கிரீட் ஆடு எப்படி நகரும்?
– வாசகி, பெண்டில் ஹில்

உங்கள் கணவர் சொல்வது சரி. பிக் மெரினோ 1985-ல் கட்டியது, 15 மீட்டர் உயரம், ஊர்க்காரர்களுக்கு ராம்போ. இந்த மாதிரி 'பிக்' என்று பெயர் வைத்த ராட்சத உருவங்கள் எல்லாமே நெடுஞ்சாலையில் போகும் காரை நிறுத்தவைக்கப் பிறந்தவை, 1964-ல் காஃப்ஸ் ஹார்பரில் வந்த பெரிய வாழைப்பழமும் அப்படித்தான். 1992-ல் ஹியூம் நெடுஞ்சாலை கூல்பர்னைச் சுற்றிக்கொண்டு போனதும் ஆட்டைப் பார்க்க ஆள் வருவது குறைந்தது. அதனால் 2007-ல் அதைப் பெயர்த்து, புதுச் சாலையிலிருந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். உள்ளே படி இருக்கிறது, மேலே ஏறினால் ஆட்டின் கண் வழியாக வெளியே பார்க்கலாம். பிள்ளைகள் கேட்டால் நிறுத்துங்கள், பெட்ரோலும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.