டால்கோவ்ஸ்கியின் 1960 கணக்கு: 262-க்கு 262 அச்சுப்பிழையா?

பிழை இல்லை. அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி 1960-இல் மைனர் லீக்கில் ஸ்டாக்டன் அணிக்காக 170 இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) வீசி 262 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், அதாவது அத்தனை முறை மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். வாக் (நான்கு பந்துகள் இலக்கு தவறினால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்ததும் அதே 262தான். புள்ளிவிவரப் பட்டியலில் பிபி (வாக்), எஸ்ஓ (ஸ்ட்ரைக்அவுட்) என்ற இரண்டு கட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரே எண்ணை இருமுறை தட்டிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

1957-இல் கிங்ஸ்போர்ட் அணிக்கு ஆடிய கணக்கைப் பாருங்கள்: 62 இன்னிங்ஸ், 121 ஸ்ட்ரைக்அவுட், 129 வாக். அப்போதே பந்து அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அப்புறம் 1962-க்கு வாருங்கள். எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் பயிற்சியாளர். 160 இன்னிங்ஸில் வாக் 114தான்! 1960-இல் இன்னிங்ஸுக்கு ஒன்றரையாக இருந்தது முக்காலுக்கும் கீழே வந்துவிட்டது. அடுத்த மார்ச்சிலேயே முழங்கை போனது, பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஒன்று மட்டும் கவனம்: மணிக்கு 100 மைலுக்கு மேல் வீசினார் என்பதை நீங்கள் எழுதும் கட்டுரையில் உறுதியாக எழுதாதீர்கள். அவர் ஆட்டத்தில் வீசியபோது யாரும் ரேடார் வைத்து அளக்கவில்லை, எல்லாம் பார்த்தவர்கள் சொன்னதுதான்.