அதிரு

அன்புள்ள ஐயா,

கட்டடப் பொறியியலில் முதுகலை படிக்கிறேன். ஒரு நிலநடுக்க முடுக்கப் பதிவை வடிகட்டி, நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று அறிய இருமுறை தொகையிட்டேன். கடைசியில் இடப்பெயர்ச்சி பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. பாறைகள் உடைந்து நழுவும் பிளவுக்கு அருகே நிலம் நிரந்தரமாக நகர்ந்துவிடும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எது சரி? இந்த நகர்வைக் கணக்கிட எந்த மாதிரியைப் பயன்படுத்தலாம்? குமரி மாவட்டத்துக்கு இதெல்லாம் தேவையா?

ஒரு மாணவன், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

விளவங்கோட்டுப் பக்கம் நிலத்தின் எல்லையை அதிரு என்போம். அதற்கும் அதிர்வுக்கும் உறவு உண்டு என்று சொன்னால் மொழியறிஞர்கள் அடிக்க வருவார்கள். ஆனாலும் உங்கள் கடிதம் வந்த நேரத்தில் அந்தச் சொல்லைத்தான் அசைபோட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் விளையின், அதாவது தோட்டத்தின், எல்லைச் சுவரான கையாலை சரிந்தது. திரும்பக் கட்டும்போது அதிர்க்கல் ஒரு முழம் தள்ளி நின்றது என்று பக்கத்து விளைக்காரர் வழக்குப் போட்டார். பதினோரு வருடம். “கல்லைத் தள்ளி வைக்கலாம், மண்ணையா தள்ளி வைப்பேன்?” என்று அப்பா வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

மண்ணும் தள்ளிப்போகும் என்று பின்னால்தான் படித்தேன். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில், பிளவின் குறுக்கே போன ஒரு வேலி எட்டரை அடி விலகி நின்றது. முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டுத்தான், பாறை மெல்ல வளைந்து சேர்த்துவைத்த இறுக்கத்தைச் சட்டென்று விடுகிறது என்று அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர் ரீடு 1910இல் எழுதினார். சர்வேயர்களின் கணக்கில் பிறந்த கோட்பாடு. அப்பாவிடம் சொல்லியிருந்தால் அதையும் வக்கீலிடம் கொண்டுபோயிருப்பார்.

உங்கள் பூஜ்யத்துக்கு வருகிறேன். அதை எழுதியது நிலமா, உங்கள் வடிகட்டியா? முடுக்கமானி இம்மியளவு சாய்ந்தாலும் பிழை நுழையும். இருமுறை தொகையிட்டால் அது காலத்தின் வர்க்கமாகப் பெருகிக் கோடு எங்கோ ஓடும். அதற்குப் பயந்து தாழ்ந்த அதிர்வெண்களை, அதாவது மிக மெதுவான அசைவுகளை, மொத்தமாக வெட்டினீர்கள். நிரந்தர நகர்வு இருப்பதே அங்கேதான். கல் பொறுக்க உட்கார்ந்து அரிசியைக் கொட்டிவிட்டீர்கள்! நடுக்கம் ஓய்ந்தபின் திசைவேகம் பூஜ்யமாக வேண்டும், சரி. இடப்பெயர்ச்சியும் ஆகவேண்டும் என்று யார் சொன்னார்கள்? பதிவின் பூஜ்யக் கோடான அடிக்கோட்டைப் பகுதி பகுதியாகத் திருத்துங்கள். பக்கத்தில் ஜி.பி.எஸ். நிலையம் இருந்தால் அது காட்டும் நகர்வோடு ஒத்துப்பாருங்கள். மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வந்ததை நம்புவதற்கு முதுகலை எதற்கு?

மாதிரி என்றால், பிளவு நழுவினால் தரை எவ்வளவு நகரும் என்று சொல்லும் ஜப்பானிய ஆய்வாளர் ஒகாடாவின் 1985 சமன்பாடுகளில் தொடங்குங்கள். மீதியைப் பேராசிரியர் சொல்வார்.

குமரிக்குத் தேவையா என்று கேட்டதுதான் வலித்தது. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தம்ளர்கூட ஆடவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடலடித் தரை ஓரிடத்தில் மீட்டர்க்கணக்கில் எழும்பியது, இன்னோரிடத்தில் தாழ்ந்தது. பழைய இடத்துக்கு வரவில்லை. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. தரை விட்ட இடத்தைத் தண்ணீர்தான் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. மறுநாள் குளச்சலுக்குப் போனேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. மணக்குடிப் பாலத்தை உடைத்தது நீங்கள் வடிகட்டி எறிந்தீர்களே, அந்த மீதிதான், தம்பி.

கோபித்துக்கொள்ள வேண்டாம். வடிகட்டாத பதிவை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.