சிவப்பைத் தாண்டும் ரயில்கள்: சிக்னல் கேள்வி பதில்

ஐயா, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் சிவப்பு விளக்கில் நின்றது. விளக்கு மாறாமலே பிறகு ஊர்ந்து போனது. விதிமீறல்தானே?

இல்லை. அந்தக் கம்பத்தில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பில் ‘ஏ’ என்ற எழுத்து இருந்திருக்கும். அது தானியங்கி சிக்னல். முன்னால் வண்டி நின்றாலும், தண்டவாளம் முறிந்தாலும், வெறும் மின்கோளாறு என்றாலும் தானே சிவப்பாகிவிடும். மூன்றில் எது என்று லோகோ பைலட்டுக்கு (ரயில் ஓட்டுநருக்கு) தெரியாது. பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, ஹாரன் அடித்து, கார்டின் பதில் சைகையைப் பெற்று நகர்த்தலாம். வேகம் 15 கி.மீ.க்குள், வளைவோ மழையோ மூடுபனியோ பாதையை மறைத்தால் 10க்குள். அடுத்த சிக்னல் தூரத்தில் பச்சை காட்டினாலும் அதை எட்டும்வரை வேகத்தைக் கூட்டக் கூடாது. இடையில் என்ன கிடக்கிறது என்பதை அந்தப் பச்சை சொல்லாது. “ஏன் இப்படி உருட்டுகிறார்?” என்று பெட்டியில் அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சிவப்புக்குக் கீழே குட்டியாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததும் எங்கள் வண்டி நிலையத்துக்குள் போனதே?

அது ‘காலிங் ஆன்’ சிக்னல். கம்பத்தில் ‘சி’ என்ற எழுத்து இருக்கும். மேலே உள்ள சிக்னல் பழுதானாலோ, உள்ளே அதே லைனில் வேறு வண்டி நின்றாலோ இதைப் பயன்படுத்துவார்கள். வண்டி முழுதாக நின்ற பிறகுதான் இதை ஏற்று நகர வேண்டும்.

தரையோரம் இரண்டு வெள்ளை விளக்குகள் எதற்கு?

ஷண்டிங்குக்கு, அதாவது பெட்டிகளையும் எஞ்சினையும் லைன் மாற்றிச் சேர்க்கும் வேலைக்கு. படுக்கைவாட்டில் எரிந்தால் நில். சாய்வாக எரிந்தால் மெல்லப் போ.

மஞ்சள் என்றால் மணிக்கு எத்தனை கி.மீ.?

நம் நாட்டு சிக்னல் விளக்கு வேகத்தை எண்ணாகச் சொல்வதில்லை. ஒற்றை மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்பதுதான். மஞ்சளுக்கு மேல் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக வரிசையிட்டால் வண்டி பக்கத்து லைனுக்குத் திரும்புகிறது. அங்கே 30 கி.மீ.யா, 15 கி.மீ.யா என்பது பாயிண்டின் (வண்டியை லைன் மாற்றும் தண்டவாளப் பிரிவின்) அமைப்பைப் பொறுத்தது. லோகோ பைலட் அதை முன்பே அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் தாண்டினால் போதாது; கடைசிப் பெட்டியும் பாயிண்டைக் கடக்கும்வரை அதே வேகம்தான். நீளமான சரக்கு வண்டிகள் அங்கே நேரத்தைத் தின்பது இதனால்தான்.