மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது?

கேள்வி: ஐயா, மிளகாய் நட்டு 55 நாள் ஆகிறது. மூன்று வாரமாகக் கொழுந்து சுருண்டுகொண்டே வருகிறது. மருந்துக் கடையில் 'வைரஸ்' என்றார்கள். முதலில் இமிடாகுளோபிரிட், அப்புறம் லாம்டா சைஹாலோத்ரின், கடைசியாக இரண்டையும் ஒரு டானிக்கோடு கலந்து அடித்தேன். அடங்கவில்லை, பூவும் கொட்டுகிறது. இதைவிட வீரியமான மருந்து எது? படம் இணைத்துள்ளேன்.

பதில்: கடிதத்தில் மருந்தின் பெயரெல்லாம் இருக்கிறது. இலை எந்தப் பக்கம் சுருண்டது என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. விளிம்பு மேலே மடங்கித் தோணி போல நின்றால் இலைப்பேன் என்ற சிறு பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை குறுகி, காம்பு எலிவால் மாதிரி நீண்டால் மஞ்சள் சிலந்தி; வலை பின்னும் சிலந்தி இல்லை, இலைச் சாற்றை உறிஞ்சும் 'மைட்'. வைரஸ் என்றால் இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிவிடும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கவிழ்த்த தோணிதான்.

சிலந்தி பூச்சி இனமே இல்லை. நீங்கள் அடித்த இரண்டும் பூச்சிமருந்து, அதை அடக்கும் என்று நம்ப முடியாது. போதாக்குறைக்கு, சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்திகளை அந்த லாம்டா கொன்றிருக்கும். மூன்று முறை காசு கொடுத்து எதிரியை வளர்த்திருக்கிறீர்கள். இதில் உங்கள் தப்பு பாதிதான். செடியைப் பார்க்காமலே நோய்க்குப் பெயர் வைத்து, பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தவருடையது மீதி. கலவை மருந்து என்றாலே எனக்கு ஆகாது. குணமானால் எதனால் குணமானது என்று தெரியாது, ஆகாவிட்டால் எது வீண் என்றும் தெரியாது.

மருந்துக்கு முன்னால் 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று வாங்குங்கள். இதைச் சொல்லிச் சொல்லியே நான் கெட்ட பெயர் வாங்கியவன், பரவாயில்லை. இந்தச் சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்கு அகப்படாது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 கொழுந்து கிள்ளி, இளம் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிறிய, பளபளப்பான புள்ளி மெதுவாக நகரும். பக்கத்திலேயே வெள்ளைப் பொட்டு வரிசையாகப் பதித்த மாதிரி முட்டை இருக்கும். அந்த முட்டையைக் கண்டால் வேறு சந்தேகமே வேண்டாம். அப்படியே வெள்ளை ஈ இருக்கிறதா என்றும் பாருங்கள். வைரஸைப் பரப்புவது அதுதான், சிலந்தியும் அதன் காலைப் பிடித்துக்கொண்டு செடிக்குச் செடி சவாரி போகும்.

முட்டை தெரிந்தால் 80 சதவீத நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு, கொழுந்தின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி. ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள், இல்லாவிட்டால் இலை கருகும். டானிக்கை மூட்டை கட்டுங்கள். யூரியாவையும் கொஞ்சம் நிறுத்துங்கள், இளந்தளிர் கூடினால் சிலந்திக்கு அது விருந்து.

ஏற்கெனவே சுருண்ட இலை இனி நிமிராது. அதைப் பார்த்துவிட்டு நாலாவது மருந்துக்குக் கடைக்கு ஓடாதீர்கள். இரண்டாம் தெளிப்புக்குப் பிறகு வரும் தளிரைப் பாருங்கள். அது தட்டையாக விரிந்தால் தெளிப்பானைக் கழுவி வைத்துவிடலாம். சுருண்டே வந்தால், லென்ஸில் கண்டதை எழுதுங்கள்.