கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, படகு மட்டும் ஏன் குதிக்கிறது?

மாசி பிறந்தால் காசிமேட்டுக் கடல் அடங்கிவிடும். வாடைக்காற்று ஓய்ந்து, விடியற்காலையில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோலப் படுத்துக் கிடக்கும். படகின் குறைகள் வெளியே தெரிவது அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் படகு குதித்தால் அலைமேல் பழி போட்டுவிடலாம். மாசியில் அது முடியாது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான். பல வருஷமாகப் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களோடு கிடப்பவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, என்னுடையது 19 அடி ஃபைபர் போட். பழைய 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு அதே சக்தியில் ஃபோர் ஸ்ட்ரோக் போட்டேன். முக்கால் த்ராட்டில் தாண்டினால் அணியம் (படகின் முன்முனை) தூக்கித் தூக்கி அடிக்கிறது. அலையே இல்லாத நாளிலும் இப்படித்தான். கரைக்குத் திரும்பும்போது சில நாள் குதிப்பதில்லை. மோட்டாரில் கோளாறா? (நெட்டுக்குப்பம், எண்ணூர்)

மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. அதன் எடையையும் அது நிற்கும் கோணத்தையும்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு துப்பு இருக்கிறது. மோட்டார் மாற்றிய பிறகு வந்தது. திரும்பும்போது சில நாள் இல்லை.

மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். வேகம் ஏறியதும் முன்பாதி எழும்பிவிடும், பின்பக்கத்து அடிப்பாகம் மட்டும் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் எடை பின்னால் கூடுதலாக இருந்தால் அணியம் அளவுக்கு மீறி எழும்பும். எழும்ப எழும்பத் தண்ணீர் தொடும் இடம் சுருங்கிப் பின்னுக்குப் போய்விடும். முன்பக்கத்துக்குத் தாங்கல் இல்லாமல் அணியம் தொப்பென்று விழும். விழுந்ததும் தண்ணீர் தொடும் இடம் மறுபடி முன்னால் நீண்டு அணியத்தைத் தூக்கிவிடும். பிறகு அதே கதைதான், தாளம் தப்பாமல். மோட்டார்காரர்கள் இதைப் போர்ப்பாய்சிங் என்பார்கள். ஓங்கல் (டால்பின்) இனம் முங்கி முங்கி எழுவதைப் பார்த்து வைத்த பெயர்.

அலையால் வரும் குதிப்புக்குத் தாளம் கிடையாது. இந்தக் குதிப்பு ஒரே சீராக வரும், த்ராட்டிலைக் கொஞ்சம் தளர்த்தினால் சட்டென்று நிற்கும். இரண்டையும் பிரித்தறிய இதுவே போதும்.

இப்போது உங்கள் படகுக்கு வருவோம். அதே சக்தியுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார், டூ ஸ்ட்ரோக்கைவிட 20 கிலோவுக்கு மேலேயே கனம். அந்த எடை முழுவதும் படகின் பின்பலகையில் தொங்குகிறது. அதன் முன்னால் பெட்ரோல் கேன், பேட்டரி, போகும்போது வலைக்குவியல், சுக்கான் பிடிக்கும் ஆள் என்று எல்லாமே பின்னால்தான். ஐஸ் பெட்டி முன்பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். மீன் நிறைந்து திரும்பும் நாளில் அது பாரம் கொடுக்கிறது, படகு அடங்கிப் போகிறது. மீன்பாடு இல்லாத நாளில் திரும்பும்போதும் குதிக்கும், கவனித்துப் பாருங்கள்.

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். பெட்ரோல் கேனை மூன்று நான்கு அடி முன்னால் தள்ளுங்கள். 25 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 18 கிலோவுக்கு மேல் இருக்கும். பேட்டரியையும் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். ஓடும்போது உருளாதபடி எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். அதே இடத்தில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அதிலும் அடங்கவில்லை என்றால் கோணம். கையால் தூக்கும் மோட்டாராக இருந்தால், பிராக்கெட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒன்றில் குறுக்கே ஒரு கம்பிப் பின் போட்டிருக்கும். மோட்டாரை நிறுத்தி, தூக்கி, அந்தப் பின்னைப் படகுப் பக்கமாக ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். காத்தாடி (ப்ரொப்பெல்லர்) படகை நோக்கி ஒடுங்கும், அணியம் தணியும். பட்டன் வைத்த மோட்டார் என்றால் ஓடும்போதே கீழ்ப் பட்டனை ஒரு விநாடி அழுத்திப் பார்க்கலாம்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்தான். கேனையும் பின்னையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். என்னிடம் வருபவர்களில் பலர் இந்த அவசரத்தால்தான் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். சோதனை ஓட்டத்தில் மோட்டாரை அணைக்கும் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள், அணியத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

குதிக்கிறது என்று முன்னால் மூன்று 20 லிட்டர் தண்ணீர் கேன் வைத்தேன், பின்னையும் கடைசித் துளைக்குத் தள்ளிவிட்டேன். குதிப்பு நின்றது. ஆனால் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது, அணியம் தண்ணீரை வாருகிறது. (தாழங்குப்பம்)

மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது. முன்பக்கம் கனத்தால் அணியமே படகைத் திருப்பப் பார்க்கும், பின்பக்கம் அதன் போக்கில் சறுக்கும். முகத்துவாரத்தில் நுழையும்போது இது உயிருக்கே ஆபத்து. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்மேட்டில் அலை உடைவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பின்னால் வரும் அலை தூக்கித் தள்ளும்போது அணியம் முன்னால் தண்ணீரில் செருகினால், படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும்.

இன்றைக்கே இரண்டு கேனை எடுங்கள், பின்னை ஒரு துளை வெளியே விடுங்கள். குதிப்பு நிற்கப் போதுமான அளவுக்கு மேல் ஒரு கிலோகூட முன்னால் வேண்டாம். கரை திரும்பும்போது, முகத்துவாரத்துக்கு வெளியிலேயே வேகத்தைக் குறைத்து, முன்னால் இருக்கும் ஆளைப் பின்னால் வரச் சொல்லுங்கள்.

பழவேற்காட்டில் பழைய போட் ஒன்று வாங்கினேன். எடையை நகர்த்தியாயிற்று, கோணமும் பார்த்தாயிற்று. எதற்கும் மசியவில்லை. (காட்டுக்குப்பம்)

அப்படியானால் அடிப்பாகத்தைப் பாருங்கள். கேள்விப்பட்டவுடனே எனக்குத் தோன்றியது அதுதான்.

வேகத்தில் ஓடும்போது படகைத் தாங்குவது கடைசி நாலைந்து அடி நீளம்தான். அந்த இடம் நேராக இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் மணலில் இரண்டு கட்டையை மட்டும் கொடுத்து நிறுத்திய படகில், பாரம் விழுந்த இடம் உள்வாங்கியிருக்கும், பக்கத்தில் புடைத்திருக்கும். ஓட்டை அடைத்தவர் ஃபைபரை அடுக்கடுக்காக ஒட்டிவிட்டுத் தேய்க்காமல் விட்டிருந்தாலும் அதே கதைதான்.

படகைக் கவிழ்த்துப் போட்டு, ஆறடி அலுமினியச் சேனல் ஒன்றைப் பின்பலகை ஓரத்திலிருந்து முன்னோக்கி, ஏராக்கட்டைக்கு (அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கட்டை) இணையாக, ஏராவின் இரண்டு பக்கமும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். சேனல் நடுவில் மேட்டில் தட்டி, பின்முனையில் இடைவெளி விட்டால் அடி வெளியே வளைந்திருக்கிறது. அந்த வளைவு பின்பக்கத்தைக் கீழே இழுத்து அணியத்தைத் தூக்கும். குதிப்புக்கு மூலகாரணம் அதுவே. நடுவில் இடைவெளி இருந்து இரண்டு முனையும் தொட்டால் அடி உள்ளே குழிந்திருக்கிறது. அது அணியத்தை அழுத்தி, வேகத்தைத் தின்னும். சில மில்லிமீட்டர் வித்தியாசமே வேகத்தில் தெரியும்.

மேட்டைத் தேய்த்தே சரி செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேய்ப்பது படகைத் தாங்கும் கனத்தைத்தான். குழிவான பக்கத்தை நிரப்பி, மேலே ஃபைபர் பாய் போட்டு, சேனல் வைத்து நேர் பார்த்து முடிக்கும் ஆளிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் பின்பலகையை ஒரு மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். உள்ளே ப்ளைவுட் ஊறிப்போயிருந்தால் 'டொப் டொப்' என்று செத்த சத்தம் வரும். அந்தப் பலகையில் மோட்டார் மாட்டி வேகம் எடுக்கவே கூடாது.

விடியற்காலையில் நன்றாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குதிக்க ஆரம்பிக்கிறது. (திருவொற்றியூர்)

தளத்துக்குக் கீழே தண்ணீர் புகுகிறது. 100 லிட்டர் கடல் தண்ணீர் என்றால் 100 கிலோவுக்கு மேல், அதுவும் அசையும் எடை. அணியம் எழும்பும்போது மொத்தத் தண்ணீரும் பின்னால் ஓடிவந்து குதிப்பைப் பெரிதாக்கும். கரையேற்றியதும் வடிகால் மூடியைத் திறந்து, எவ்வளவு வருகிறது என்று பக்கெட்டில் அளந்து பாருங்கள். பிறகு வடிகால் மூடியின் ரப்பர், மோட்டார் போல்ட் துளைகள், ஏராக்கட்டை உரசிய இடம், இந்த மூன்றையும் பாருங்கள். தண்ணீரே வரவில்லை, ஆனால் படகு முன்பைவிடக் கனமாகத் தெரிகிறது என்றால் உள்ளே நிரப்பிய ஃபோம் ஊறியிருக்கலாம்.

வளைக்கும்போது மோட்டார் திடீரென்று கத்துகிறது, வேகம் விழுகிறது, படகு தடுமாறுகிறது. (சின்னக்குப்பம், எண்ணூர்)

காத்தாடி காற்றைப் பிடிக்கிறது. காத்தாடிக்குச் சற்று மேலே தட்டையான தகடு ஒன்று இருக்கும். அது படகின் அடி மட்டத்துக்கு நேராகவோ, அதிகம் போனால் ஓர் அங்குலம் மேலேயோ நிற்கலாம். அதற்கு மேல் போனால் கத்தும். 20 அங்குலப் பின்பலகைக்கு 15 அங்குல ஷாஃப்ட் மோட்டாரை மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அளவு சரி என்றால் காத்தாடியின் இதழ்களைத் தடவிப் பாருங்கள். கழிமுகத்தில் சாம்பலும் சேறும் கலங்கிய இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இதழின் ஓரம் சீக்கிரம் தேயும். அப்படியே குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் பார்த்துவிடுங்கள், அதையும் அந்தச் சாம்பல் சும்மா விடுவதில்லை.

மோட்டார் தகட்டில் மாட்டும் பிளாஸ்டிக் துடுப்பு விற்கிறார்கள். பின்பலகையின் அடியோரத்தில் ட்ரிம் டேப் என்ற தகடு போடலாம் என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ராயபுரம்)

இரண்டும் வேலை செய்யும், பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் வலை போடும் படகுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் வலை மாட்டும், இருட்டில் மாட்டினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். துடுப்புக்காகத் தகட்டில் துளை போட்டால் அந்தத் துளை நிரந்தரம். தூண்டில் மட்டும் போடுகிறவர், எடை, கோணம், அடிப்பாகம் மூன்றையும் பார்த்து முடித்தவர் என்றால் வாங்குங்கள்.

எங்களுடையது 30 அடி போட், நீளத் தண்டின் முனையில் காத்தாடி வைத்த லாங் டெயில் டீசல் இன்ஜின். அதுவும் ஆடுகிறது. (காசிமேடு)

உங்கள் படகுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தண்ணீர் மட்டத்தில் 28 அடி நீளமுள்ள படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் வரை 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) சுமாருக்குத்தான் சுலபமாக ஓடும். அது வழுக்கி ஓடும் படகே அல்ல. ஆட்டம் அலையிலிருந்து வருகிறது. அலையை நேருக்கு நேர் வாங்காமல் கொஞ்சம் சாய்வாக வாங்குங்கள், த்ராட்டிலைக் குறையுங்கள். இன்ஜின் மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

ஐயா, என் மகனுக்கு வயது 22. சின்ன போட்டில் அண்ணனோடு போகிறான். எப்போதும் முன்னால்தான் உட்காருவான். ஒரு மாதமாக இடுப்பு வலி என்று புரண்டு புரண்டு படுக்கிறான். போட் குதிப்பதாலா? (திருவொற்றியூர் குப்பம்)

அம்மா, அதனால் இருக்கலாம். குதிக்கும் படகில் ஏறி இறங்கும் தூரம் மிக அதிகமாக இருப்பது அணியத்தில்தான். பின்னால் இருப்பவருக்கு அசைவாகத் தெரிவது, முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அடியாக விழுகிறது. வேகப் படகில் ஒரே ஒரு மோசமான விழுதலில் முதுகெலும்பு நசுங்கியவர்கள் உண்டு. பலகையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும்போது வாங்கும் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது.

படகைச் சரிசெய்யும் வழி மேலே முதல் பதிலில் இருக்கிறது. பெரிய மகனிடம் வாசித்துக் காட்டுங்கள். அதுவரைக்கும் சின்னவன் நடுவுக்குப் பின்னால் இருக்கட்டும். எடை பின்னால் போவதால் குதிப்பு கூடும், ஆகவே வேகத்தைக் குறைத்தே ஓட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தாமதமாக வந்தால் ஏலத்தில் கொஞ்சம் விலை குறையும், அவ்வளவுதான்.

ஒரு மாத வலியைத் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டி, படகில் குதிப்பு இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை, வலி மாத்திரை போட்டுக்கொண்டு கடலுக்குப் போக விடாதீர்கள்.