வீட்டு வேலை கேள்வி பதில்: இழுக்கிற கதவு

கேள்வி: வெள்ளவத்தையில தொடர்மாடி வீடு, கொரிடோர் இரண்டரை அடிதான். அதுக்குள்ள பிளைவூட்ல நானே ஒரு சாமான் அலுமாரி அடிச்சிட்டன், ஆனா பிணைச்சல் போட்ட கதவு வச்சா திறந்த நேரம் ஆக்கள் போகேலாது. பக்கவாட்டில இழுக்கிற கதவு போடலாம் எண்டு பாக்கிறன், ஆனா கதவு ஓடுற பள்ளத்த, அதுதான் காடிய, பலகையில வெட்டுற ரவுட்டர் மெஷின் என்னட்ட இல்லை. காடி எப்பிடிப் போடுறது, கதவு என்ன அளவுல வெட்டுறது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, ரவுட்டர் தேவையே இல்லை. மெல்லிய பீடிங் (ஒடுக்கமான மரச் சட்டம்) வாங்கி மேல மூண்டு, கீழ மூண்டு வரிசையா ஒட்டி ஆணியும் அடிச்சா நடுவில ரெண்டு காடி தானா வந்திரும், ஒண்டு முன் கதவுக்கு மற்றது பின் கதவுக்கு. 9 மில்லிமீற்றர் பிளைவூட் கதவு எண்டா காடி 10 இருக்கட்டும், ஆனா கடையில 9 எண்டு தாற பலகை சரியா 9ஆ இருக்கும் எண்டு நம்பாதேங்கோ, வெட்டின துண்ட ரெண்டு பீடிங்குக்கும் நடுவில வச்சுப் பாத்திட்டு ஒட்டுங்கோ.

இனித்தான் முக்கியமான இடம். மேல் காடி கீழ் காடிய விட ரெண்டு மடங்கு ஆழமா இருக்கவேணும், அதாவது கீழ 6 மில்லிமீற்றர் உயர பீடிங், மேல 12. கதவ முதல்ல மேல் காடிக்குள்ள முட்ட ஏத்தி, அடிய உள்ளுக்குத் தள்ளி, கீழ இறக்கி விடுறது. கழட்டுறதும் அப்பிடியே, தூக்கி வெளிய எடுக்கலாம். நான் முதல் முதல் செய்த அலுமாரிக்கு மேலயும் கீழயும் 6 போட்டுத் துலைச்சன், கதவ உள்ள வச்சிட்டுத்தான் மேல் பலகைய அடிச்சனான், பாக்க வடிவாத்தான் இருந்தது, வார்னிஷ் பூச எண்டு கதவக் கழட்டப் போனாத்தான் தெரிஞ்சது அது இனி வெளிய வராது எண்டு. கடைசியில மேல் பலகைய நெம்பி எடுத்தன், ஒரு மூலை பிளந்து போச்சு, அந்தப் பிளவு இண்டைக்கும் இருக்கு.

கதவின்ர உயரத்துக்குக் கணக்கு லேசு. கீழ் பீடிங்கின்ர மேல் விளிம்பில இருந்து மேல் பீடிங்கின்ர கீழ் விளிம்பு வரைக்கும் அளவுங்கோ, பலகைக்குப் பலகை அளக்காதேங்கோ, கனபேர் பிழை விடுற இடம் இதுதான். அது 720 எண்டா 10 கூட்டி 730க்கு வெட்டுங்கோ. தூக்கேக்க அடி 2 மில்லிமீற்றர் மேல நிக்கும், இறக்கினாப் பிறகும் தலை மேல் காடிக்குள்ள 4 மில்லிமீற்றர் பிடிச்சிருக்கும். அகலத்துக்கு, உள் அகலம் 1200 எண்டா ஒண்டுக்கு மேல ஒண்டு ஏற 40 சேத்து ரெண்டால பிரிச்சா ஒரு கதவு 620.

தட்டு வைக்கேக்க இத மறந்திராதேங்கோ: ரெண்டு காடியும் மூண்டு பீடிங்கும் சேந்து முன்னுக்கு ஒண்டே முக்கால் அங்குலம் வரைக்கும் எடுத்திரும், அதால உள்தட்டு அந்தளவுக்குப் பின்னுக்கு நிக்கவேணும். பிடி வெளிய நீட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது, முன் கதவு பின் கதவின்ர பிடியில போய் இடிக்கும். விரல் போற அளவு ஒரு வட்ட ஓட்டை துளைச்சு, சாண்ட் பேப்பரால உரசி விட்டாக் காணும். பீடிங், ஆணி எல்லாத்துக்கும் பழைய சோனகத் தெருவுக்கு ஒருக்காப் போயிட்டு வாங்கோ, அந்த ரோட்டில ஹாட்வெயார் கடைக்குக் குறைவில்லை. ஆணி துருப்பிடிக்காததா வாங்குங்கோ, வெள்ளவத்தைக் கடல் காத்துக்கு சாதாரண ஆணி தாங்காது.

அடிக்க முதல் அலுமாரியின்ர ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால அளந்து பாருங்கோ. ரெண்டும் ஒரே அளவா வராட்டி பெட்டி கோணல், கோணல் பெட்டிக்குள்ள எந்தக் கதவும் ஒழுங்கா ஓடாது.

கேள்வி: பலகைக் கதவு வருஷக்கணக்கா நல்லா ஓடினது, இந்த மழையோட இறுகிப் போச்சு. தேங்காய் எண்ணெய் விடச் சொல்லுகினம், விடலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: வேண்டாம் அண்ணை. எண்ணெய் தூசியப் பிடிச்சு ரெண்டு கிழமையில பிசுபிசுத்துப் போகும், பிறகு கரப்பானும் வந்திரும். மெழுகுதிரித் துண்ட காடிக்குள்ள நல்லா அழுத்தித் தேச்சு விடுங்கோ, அது போதும்.

அதுக்கு முதல் அலுமாரிக்கு மேல என்ன கிடக்கு எண்டு பாருங்கோ. எங்கட வீடுகள்ல பழைய சூட்கேஸ் எல்லாம் அங்கதானே ஏறும். பாரத்தில மேல் பலகை நடுவில தொஞ்சு கதவின்ர தலைய அமத்தும், ஓரத்தில லேசா ஓடி நடுவுக்கு வரேக்க இறுகுதெண்டா அதுதான் காரணம், மழையில பிழையில்லை. இறக்கி வச்சிட்டுப் பாருங்கோ. அதுக்கும் சரிவராட்டி கதவக் கழட்டி, வெறுந்தரையில படுக்க வச்சுப் பாருங்கோ, வளைஞ்சிருக்கா எண்டு. முன் பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சு பின் பக்கத்த விட்டா, விட்ட பக்கம் ஈரத்தக் குடிச்சு கதவு வில்லு மாதிரி வளையும். காய வச்சு ரெண்டு பக்கமும் ஓரமும் சேத்து அடியுங்கோ.

கேள்வி: பலகைக்குப் பதிலா கண்ணாடி போட்டா? (வாசகி, தெஹிவளை)

பதில்: போடலாம், ஆனா மரக் காடியில ஓட விடாதேங்கோ, அராவிப் போடும். அலுமினியம் சனல் (கண்ணாடி ஓடுற அலுமினியக் காடி) தேவை. 6 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 15 கிலோ, மேல சொன்ன 620க்கு 730 கதவு ஒண்டே கிட்டத்தட்ட 7 கிலோ வரும். கடைக்காரரிட்ட ஓரம் தீட்டித் தரச் சொல்லுங்கோ. வீட்டில தவழுற பிள்ளை இருந்தா பிளைவூட்தான் போடுங்கோ.