ஓலைக் கிலுக்கை நிறுத்தச் சொன்ன வீடு

கேள்வி: நாங்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வளர்க்கிறோம். நான்கு வயது. ரசீதோடு வாங்கியது. ஐப்பசியிலிருந்து தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்குகிறது. கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிகிறது. காலையில் கூண்டுக்கு அடியில் இறகுக் குப்பை. கண்திருஷ்டி என்கிறார் என் கணவர். கிளியின் மூளைக்கு வேலை வேண்டும், தீனியைத் தேடி எடுக்கும் விளையாட்டுச் சாமான் போடுங்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். சக்கரம் சுற்றினால் விதை விழும் பெட்டி, குட்டி இழுப்பறை, அக்ரிலிக் உருண்டை என்று எட்டாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினோம். எதையும் தொடவில்லை, கண்டாலே மூலையில் ஒண்டிக்கொள்கிறது. பழைய வீட்டில் என் அத்தை, கணவரின் அம்மா, திசையன்விளைப் பக்கம், பனை ஓலையில் கிலுக்கு மாதிரி ஏதோ முடைந்து உள்ளே கடலையைப் போட்டுக் கொடுப்பார்கள். கிளி கிழித்துப் போட்டு ஒரே குப்பை. ஆவணியில் புது வீட்டுக்கு வந்தோம், தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ். வேலைக்கு வரும் அக்காவும் குப்பை அள்ள முடியாது என்றதால் நிறுத்தச் சொல்லிவிட்டோம். அத்தைக்கு இப்போது தனி அறை, டிவி எல்லாம் இருக்கிறது. எந்தச் சாமான் வாங்கினால் கிளி விளையாடும்? இல்லை, துணைக்கு ஒரு பச்சைக்கிளி வாங்கி விடலாமா? சந்தையில் ஒருவர் தருவதாகச் சொல்கிறார்.
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குப்பை என்ற சொல் உன் கடிதத்தில் மூன்று முறை வருகிறது. அத்தை இரண்டே முறை. எனக்கு உன் அம்மா வயது இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

ஆவணியில் ஓலை நின்றது. ஐப்பசியில் கிளி தன் நெஞ்சில் கை வைத்தது. இரண்டையும் நீதான் எழுதியிருக்கிறாய். ஆனால் ஒன்றைக் கடிதத்தின் தலைமாட்டிலும் மற்றதைக் கால்மாட்டிலும் எழுதிவிட்டு, நடுவே சக்கரம், இழுப்பறை, உருண்டை என்று எட்டாயிரம் ரூபாயை நிரப்பிவிட்டாய். கண்திருஷ்டி என்று சொல்லும் உன் வீட்டுக்காரரிடம் இந்த இரண்டு மாதத்தின் பெயரையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டு.

"கிலுக்கு மாதிரி ஏதோ" என்கிறாய். ஏதோ என்ன ஏதோ? கிலுக்கேதான் அது. திசையன்விளை, உவரி, உடன்குடிப் பக்கத்துப் பனைவிளைகளில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. குருத்தோலையைக் கீறி, ஈர்க்கை உருவி எறிந்துவிட்டு, மடிமேல் மடியாக முடைந்து, மூடுவதற்கு முன் உள்ளே இரண்டு பொடிக்கல்லைப் போட்டால் தொட்டில் பிள்ளைக்குக் கிலுக்கு. உன் வீட்டுக்காரரும் அதை ஆட்டித்தான் வளர்ந்திருப்பார். உன் அத்தை கல்லுக்குப் பதிலாகக் கடலையைப் போட்டார்கள். ஆட்டினால் சத்தம் வரும். உள்ளே தீனி இருப்பது கிளிக்குத் தெரியும். கிழித்தால்தான் கைக்கு வரும். நீ காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் இருக்கிற யோசனை மொத்தமும் இவ்வளவுதான். யாரும் சொல்லித்தராமல் அந்த அம்மாள் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நீங்கள் துடைப்பத்தைக் காட்டி நிறுத்தினீர்கள்.

சாம்பல் கிளி மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா மழைக்காடுகளின் பறவை. விடிந்ததும் கூட்டமாகக் கிளம்பும். மரம் மரமாகப் போய்க் காயை உருட்டி, தோலை உரித்து, கொட்டையை உடைத்துத் தின்னும். அது விரும்பித் தின்பவற்றில் ஒன்று எண்ணெய்ப்பனையின் பழம். பனங்காட்டுப் பெண்ணும் பனம்பழம் தின்னும் பறவையும் உன் பழைய வீட்டில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், அதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது. காட்டில் இரை தேடுவதிலேயே அதற்குப் பகலில் பல மணி நேரம் போய்விடும். உன் வீட்டில் கிண்ணத்தில் விதையை அளந்து வைக்கிறீர்கள், கொஞ்ச நேரத்தில் தின்று முடித்துவிடுகிறது. மீதிப் பகலுக்கு அந்த அலகுக்கு என்ன வேலை? அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் பழக்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நூறு சொல்லுக்கு மேல் கற்றிருந்தது. நிறம் சொல்லும், வடிவம் சொல்லும், எத்தனை என்று எண்ணிச் சொல்லும். 2007இல் தன் 31ஆவது வயதில் இறந்துபோனது. அதே இனத்துப் பறவை உன் வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. உரிக்க வேறொன்றும் இல்லாதபோது தன்னையே உரிக்கிறது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டார்கள். தீனியைத் தேடி எடுக்கவும் கடித்துக் குதறவும் ஏறி இறங்கவும் வகை செய்து கொடுத்த கிளிகளின் இறகு நன்றாக இருந்தது. வெறும் கூண்டில் கிண்ணத்தில் தின்றவை இறகைப் பிடுங்கின. அப்படிப் பிடுங்கியவற்றுக்குப் பிறகு அதே வசதியைச் செய்து கொடுத்ததும் இறகு தேறியது. உன் கிளி தேறுமா என்றால், இறகு முளைக்கும் குழி சிதையாமல் இருந்தால் முளைக்கும். வருடக்கணக்கில் பிடுங்கிச் சிதைந்துவிட்டால் முளைக்காது. அதனால் இந்த விஷயத்தில் நாள் கடத்தாதே.

வாங்கிய சாமானை ஏன் தொடவில்லை என்பதும் தெரிந்ததுதான். சாம்பல் கிளிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். முன்பின் பார்க்காத பளபளப்பான மூன்று பொருளைக் கூண்டுக்குள் மாட்டினால் அது ஒண்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அந்தச் சாமான்களில் தப்பில்லை. கூண்டுக்கு வெளியே, அது பார்க்கிற தூரத்தில் நாலு நாள் வை. அதற்கு நம்பிக்கையான ஒருவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். அந்த ஒருவர் யார் என்று உனக்குத் தெரியும்.

இப்போது அத்தைக்கு வருகிறேன். "தனி அறை, டிவி எல்லாம் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கிளிக்கும் கூண்டு, கிண்ணம் எல்லாம் இருக்கிறது. நம் வீடுகளில் வயசானவர்களைப் பார்த்து அன்பாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்கிறோம்: "நீங்க சும்மா உக்காருங்க அத்தை." ஏழு வயதில் ஓலை கீறத் தொடங்கிய கையிடம் போய்ச் சும்மா இரு என்று சொல்வது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நீ யோசித்தாயா? பெரியவர்களை உட்கார வைத்துச் சோறு போடுவது மட்டும் மரியாதை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களால் மட்டுமே ஆகிற ஒரு காரியத்தை அவர்களிடம் கேட்டு வாங்கவும் வேண்டும். அது மருமகளின் கடமை. மகனுக்கு அதைவிடப் பெரிய கடமை, அவரோ திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் தேடிக்கொண்டிருக்கிறார்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மாமியார் தினமும் தார்சாவில் உட்கார்ந்து சொளகில் அரிசி புடைப்பார்கள். கல் பொறுக்கிய பாக்கெட் அரிசி கடைக்கு வந்ததும், இனி எதற்கு இந்தக் கஷ்டம் என்று நானே சொளகைப் பரணில் தூக்கிப் போட்டேன். ஆறு மாதம் இருக்கும். ஒருநாள் சேலை துவைக்கும்போது பார்க்கிறேன், முந்தி ஒரு சாண் அகலத்துக்கு நூல் நூலாக நிற்கிறது. உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொரு இழையாக உருவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் சொளகை இறக்கிக் கொடுத்தேன். ஆறு மாதத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உன் கடிதத்தில் நெஞ்சு இறகு என்று பார்த்ததும் எனக்கு அந்த முந்திதான் ஞாபகம் வந்தது.

ஆகவே எந்தச் சாமான் வாங்கலாம் என்று என்னிடம் கேட்காதே. அத்தையிடம் போய்க் கேள். அறைக்குப் போய், டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நான் செய்தது தப்பு அத்தை, கிளிக்கு உங்கள் ஓலைதான் வேண்டும்" என்று வாய் திறந்து சொல். மகனையும் கூட உட்காரச் சொல். கூண்டைக் கூடத்தில், ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி வை. பக்கத்தில் அத்தைக்கு ஒரு நாற்காலி. கீழே பழைய செய்தித்தாளை விரி. விழுகிற குப்பையை நீ அள்ளு. வேலைக்கு வரும் அக்காவின் தலையில் கட்டாதே. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அது அவர் பேசிய வேலை இல்லை.

அத்தை செய்ததில் ஒரே ஒரு திருத்தம்தான் சொல்வேன். நிலக்கடலை வேண்டாம். சரியாகக் காயாத கடலையில் பூஞ்சை பிடிக்கும், அந்த நஞ்சு கிளியின் ஈரலைக் கெடுக்கும். சூரியகாந்தி விதையும் கொழுப்பு, தினம் அதையே போடாதே. அதற்குப் பதில் அரை பாதாம், முளைகட்டிய பச்சைப்பயறு, மாதுளை முத்து, கேரட் துண்டு, பழுத்த சிவப்பு மிளகாய். மிளகாயைப் பார்த்துப் பயப்படாதே, பறவைகளுக்குக் காரம் உறைக்காது. கொடுக்காப்புளிக் காலத்தில் சுளையோடு அப்படியே தொங்கவிடு, அது உரிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஈரமான தீனியைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடு, நம் ஊர் வெயிலில் கெட்டுப்போகும்.

முதல் இரண்டு மூன்று நாள் கிலுக்கை மூடாமல் பாதி திறந்தே கொடுக்கச் சொல், உள்ளே தீனி தெரியட்டும். பிறகு மூடலாம். பிறகு கிலுக்கைச் சிரட்டைக்குள் வைத்து மேலே வாழைச் சருகைத் திணிக்கலாம். பதநீர் குடிக்கிற ஓலைப் பட்டையின் வாயைக் கட்டி மேலே கட்டித் தொங்கவிட்டால் தலைகீழாக நின்று பிரிக்கும். சாயம் போட்ட ஓலை கூடாது. கட்டுவதற்குத் துத்தநாகம் பூசிய கம்பி கூடாது, அலகால் கடித்தால் நஞ்சு. நைலான் நூலும் கூடாது, விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பனை நாரே போதும், அதையும் குட்டையாக நறுக்கிக் கட்டு. பழகும்வரை கிண்ணத்திலும் தீனி இருக்கட்டும், பட்டினி போட்டுப் பழக்காதே. அடுப்படித் தராசில் வாரம் இரண்டு முறை எடை பார்த்து எழுதிவை. எடை இறங்கிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போ.

வைத்தியரிடம் எப்படியும் போகத்தான் வேண்டும். உண்ணி, ஈரல் கோளாறு, சத்துக்குறைவு, இதிலும் இறகு பிடுங்கும். வீடு மாறியதே ஒரு காரணமாகவும் இருக்கலாம். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி உனக்குப் பக்கம்தான். புது அடுப்படியில் நான்ஸ்டிக் சட்டி இருந்தால் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சமை. சூடு மிஞ்சினால் அந்தப் புகை கிளியைக் கொன்றுவிடும். வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது, ரசீதை எடுத்துப் பதிந்துவிட்டாயா என்று பார்.

பச்சைக்கிளி வாங்கும் பேச்சை இன்றோடு விடு. நம் ஊர்க் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தைக்காரர் கையில் இருக்கும் குஞ்சு ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து திருடி எடுத்தது. ஒரு பறவைக்கு வேலை கொடுக்க முடியாத வீட்டுக்கு இரண்டாவது எதற்கு? அந்த ஆளிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. வனத்துறைக்குத் தகவல் கொடு.

இந்தச் சனிக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு திசையன்விளைக்குப் போ. வீட்டுக்காரர் வண்டி ஓட்டட்டும். எந்த மரத்துக் குருத்து நல்லது என்று அத்தை கை காட்டுவார்கள். வெட்டிய ஓலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வா. வழியில் காய்ந்து விறைத்துவிட்டால் அவர்கள் விரலுக்கு மடங்காது.